இயல் 6: எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலில் வைரஸ் – ஆய்வகத்தில் கண்டறியும் முறைகள்

இருமல், லேசான காய்ச்சல், படியேறினால் மூச்சு வாங்குகிறது. திடகாத்திரமான ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டு வந்தால் பாராசிட்டமால் கொடுத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு டாக்ரோலிமஸ் சாப்பிடுபவரோ, ரத்தப் புற்றுக்குக் கீமோ ஏறிக்கொண்டிருக்கும் சிறுமியோ, லூபஸ் நோய்க்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டில் இருக்கும் இளம்பெண்ணோ, சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கிவிட்ட ஹெச்.ஐ.வி. நோயாளியோ சொன்னால் அப்படி அனுப்ப முடியாது. காய்ச்சல், சளி, எக்ஸ்ரேயில் தெரியும் வெண்படலம் ஆகியவற்றில் பெரும்பகுதி வைரஸை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். போரிட ஆளில்லாத உடலில் அடையாளமும் மங்கலாகத்தான் இருக்கும். ஆக்ஸிஜன் அளவு சரியும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமலே போகலாம். மருத்துவரின் கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கும் தடயம் இவர்களிடம் குறைவு என்பதால், ஆய்வகத்தின் சொல்லுக்கு எடை கூடுகிறது. அந்தச் சொல் தவறிப்போகும் இடங்கள் எவை, தவறாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை இந்த இயலில் பார்ப்போம்.

புதுச்சேரியில் இந்த நோயாளிகள் அரிதானவர்கள் அல்ல. 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அங்கே புற்றுநோய் மையமும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையும் உண்டு. வில்லியனூர், பாகூர் மக்கள் மட்டுமல்ல, விழுப்புரம், கடலூர், திண்டிவனம், திருவண்ணாமலையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். நகருக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேட்டிலேயே அரசு மார்பு நோய் மருத்துவமனை, இவை தவிர சுற்றிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். ஒரே நோயாளி ஓரிடத்தில் சேர்ந்து இன்னோரிடத்தில் மாதிரி கொடுத்து மூன்றாமிடத்தில் ரிப்போர்ட் வாங்குவதும் நடக்கும். எனவே ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீஷியன், நுண்ணுயிரியல் மருத்துவர் எல்லாரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எந்த வைரஸ், எந்தக் காலத்தில்

தேட வேண்டியவை இரண்டு கூட்டம். ஒன்று, வெளியிலிருந்து மூச்சுக்காற்றில் வருபவை: இன்ஃப்ளூயன்ஸா ஏ, பி, ஆர்.எஸ்.வி., மெட்டாநிமோ வைரஸ், பாராஇன்ஃப்ளூயன்ஸா, அடினோ, ரைனோ, கொரோனா வகைகள். மற்றொன்று, எப்போதோ உடலுக்குள் நுழைந்து உறங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் சரிந்ததும் விழிப்பவை: சைட்டோமெகலோ வைரஸ் என்கிற சி.எம்.வி., ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சின்னம்மை வைரஸ். அடினோ வைரஸ் இரண்டு கூட்டத்திலும் சேரும். தட்டம்மையையும் மறக்கக் கூடாது. லுகேமியாக் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் உடம்பில் தடிப்பே தோன்றாமல் நுரையீரலை மட்டும் தாக்கக்கூடும்.

முதல் கூட்டத்துக்குப் பருவம் உண்டு. வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையோடு இன்ஃப்ளூயன்ஸா ஏறும் என்றால், சென்னை, வேலூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு ஏறுவது பதிவாகியிருக்கிறது. ஆனால் காலண்டரை நம்பிச் சோதனையை நிறுத்திவிட முடியாது. 2022 செப்டம்பரில் காய்ச்சல் பரவலால் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள். 2023-இல் எச்3என்2 வகை இன்ஃப்ளூயன்ஸா பரவியபோது மார்ச் 16 முதல் 26 வரை மறுபடியும் மூடினார்கள். பள்ளியில் குழந்தைகள் இருமத் தொடங்கினால் அடுத்த வாரமே வீட்டிலிருக்கும் கீமோ நோயாளி நம் வார்டுக்கு வருவார் என்று எதிர்பார்த்து ரீஏஜென்ட் இருப்பைச் சரிபார்த்து வைப்பது நல்லது.

வைரஸை மட்டுமே தேடிக்கொண்டிருப்பதும் ஆபத்து. சி.டி. ஸ்கேனில் இருபக்கமும் தேய்த்த கண்ணாடிபோல் மங்கல் தெரிந்தால் அது சி.எம்.வி.யாகவும் இருக்கலாம், நிமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நம் ஊரில் காசநோய் எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும். கிடைக்கும் மாதிரியை ஆரம்பத்திலேயே பங்கிட்டு, வைரஸ் பி.சி.ஆரோடு காசநோய்க்கான சிபிநாட், பூஞ்சைச் சாயம், பாக்டீரியா கல்ச்சர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒன்று நெகட்டிவ் என்று வந்த பிறகு அடுத்ததைத் தொடங்கினால் இந்த நோயாளியிடம் அதற்கு நேரம் இருக்காது.

மாதிரி

இந்த இயலில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தவறான நெகட்டிவ் ரிப்போர்ட்டுகள் பெரும்பாலும் இயந்திரத்தில் உருவாவதில்லை. நோயாளியின் மூக்குக்கும் ஆய்வகத்தின் கதவுக்கும் இடையிலேயே உருவாகிவிடுகின்றன.

ஸ்வாபில் தொடங்குவோம். தண்டு பிளாஸ்டிக்காகவும் நுனி நைலான் இழையாகவோ வேறு செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சும், கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். நோயாளி தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து உட்காரட்டும். ஸ்வாபை மேல்நோக்கிச் செலுத்தாதீர்கள். அண்ணத்துக்கு இணையாக, நேராகக் காது இருக்கும் திசையில் போக வேண்டும். மூக்குத் துவாரத்திலிருந்து காது வரை உள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதி போனதும் மெல்லிய தடை தெரியும். அங்கே நிறுத்தி, சில விநாடி ஈரம் ஊற விட்டு, மெதுவாகச் சுழற்றி வெளியே எடுங்கள். நோயாளியின் கண்ணில் நீர் வந்தால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். மூக்கின் வாசலிலேயே சுழற்றிவிட்டு எடுத்த ஸ்வாபில் வரும் நெகட்டிவ், ஸ்வாப் எடுத்தவரின் அவசரத்தைத்தான் சொல்லும். தொண்டை ஸ்வாபையும் எடுத்து அதே குழாயில் போடலாம். நம் நாட்டில் இன்ஃப்ளூயன்ஸாவுக்கும் கோவிட்டுக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

இந்த நோயாளிகளிடம் ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஸ்வாபைக் கையில் எடுக்கும் முன் கேஸ் ஷீட்டில் தட்டணு எண்ணிக்கையைப் பாருங்கள். கீமோவுக்குப் பின் தட்டணு அடிமட்டத்தில் இருப்பவருக்கு மூக்கில் ரத்தம் வரத் தொடங்கினால் எளிதில் நிற்காது. வாய் முழுக்கப் புண்ணாக இருக்கும் குழந்தையின் தொண்டையைத் தேய்ப்பதும் கொடுமை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆழம் குறைந்த நடுமூக்கு ஸ்வாப் போதுமா என்று வார்டு மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ரிப்போர்ட்டிலும் எந்த இடத்து ஸ்வாப் என்று எழுதுங்கள்.

ஸ்வாபை வி.டி.எம். (வைரஸைக் கெடாமல் கொண்டுசெல்லும் திரவம்) குழாயில் போட்டு, தண்டைக் குறியிட்ட இடத்தில் உடைத்து, மூடி இறுக்கி, பெயரும் எண்ணும் நேரமும் எழுதி, உடனே குளிரில் வைக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி வரை, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் என்றால் மைனஸ் 70 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள். அரைகுறை உறைதலும் உருகுதலும் மாதிரியைக் கெடுக்கும். ஆர்.எஸ்.வி. உறைதலைத் தாங்காது, கல்ச்சர் செய்ய நினைத்தால் ஐஸில்தான் வர வேண்டும். மே மாதத்து வெயிலில் நர்ஸிங் ஸ்டேஷன் மேசைமீது இரண்டு மணி நேரம் கிடந்த குழாய், பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

எந்த வி.டி.எம். என்பதையும் பாருங்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு வைரஸைக் கொன்றுவிடும் குவானிடின் கலந்த குழாய்களும் கடைகளில் வருகின்றன. பி.சி.ஆருக்கு அவை உதவும். ஆன்டிஜன் சோதனைக்கும் கல்ச்சருக்கும் உதவாது. இன்னொன்று: குவானிடின் கலந்த திரவம் சிந்தினால் பிளீச்சிங் கரைசல் ஊற்றித் துடைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டின் லைசிஸ் பஃபருக்கும் இதே விதி. புதிதாகச் சேரும் ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

காரைக்காலிலிருந்து மாதிரி வர வேண்டுமென்றால் சாலையில் சில மணி நேரம் ஆகும். விழுப்புரத்திலிருந்து அனுப்புபவர்களுக்கு வேறொரு சிக்கல். ஆகஸ்ட் 16-உம், விடுதலை நாளான நவம்பர் 1-உம் புதுச்சேரியில் விடுமுறை, தமிழ்நாட்டில் வேலை நாள். அன்று வந்து சேரும் பெட்டியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்க யார் இருப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புயலும் நம் கணக்கில் வர வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடந்தபோது நகரமே பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நகரை வெள்ளத்தில் மூழ்கடித்தது. இன்ஃப்ளூயன்ஸா ஏறும் மாதங்களும் புயல் மாதங்களும் இங்கே ஒன்றுதான். மைனஸ் 70 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா, டீசல் இருக்கிறதா, தரைத்தளத்தில் இருக்கும் யு.பி.எஸ். பெட்டிக்குள் தண்ணீர் ஏறுமா என்பதைச் செப்டம்பரிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஆழத்து மாதிரி. ஆரோக்கியமானவரிடம் மூக்கில் இருப்பதே பெரும்பாலும் நுரையீரலில் இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் இந்தத் தொடர்பு அறுந்துபோகும். மூக்கில் வைரஸ் மறைந்த பிறகும் நுரையீரலில் பெருகிக்கொண்டிருக்கும். ரிட்டக்ஸிமாப் போட்டுக்கொண்ட லிம்ஃபோமா நோயாளிகளில் மூக்கு ஸ்வாப் நெகட்டிவாகவும் நுரையீரல் கழுவல் நீர் கோவிட் பாசிட்டிவாகவும் வந்த நிகழ்வுகள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. எனவே ஸ்கேனில் நுரையீரல் கெட்டிருந்து ஸ்வாப் நெகட்டிவ் என்றால், கேள்வி முடிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் கீழ்ப்பகுதி மாதிரி கேளுங்கள். சளி துப்ப முடிந்தவரிடம் சளி, வென்டிலேட்டரில் இருப்பவரிடம் குழாய்வழி உறிஞ்சிய திரவம், முடிந்தால் பிராங்கோஸ்கோப் வழியாகக் கழுவல் நீர். வார்டில் பி.ஏ.எல். என்று சொல்வது இந்தக் கடைசியைத்தான்.

பி.ஏ.எல். எடுப்பது நோயாளிக்கு எளிதல்ல. ஆக்ஸிஜன் மேலும் சரியலாம், ரத்தம் கசியலாம். அத்தனை சிரமப்பட்டு எடுத்த நீரை ஆய்வகத்தில் வீணாக்குவதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. ஸ்கேனில் கெட்டிருக்கும் பகுதிக்குப் போகும் குழாயில் ஸ்கோப்பை நிலைநிறுத்தி, உப்புநீரைச் சிறு சிறு பங்காகச் செலுத்தி உறிஞ்சுவார்கள். செலுத்தியதில் சுமார் 30 சதவீதமாவது திரும்பி வந்தால்தான் காற்றுப்பைவரை கழுவப்பட்டது என்று நம்பலாம். முதல் பங்கு பெரும்பாலும் பெரிய மூச்சுக்குழாயின் கழுவல் என்பதால் அதைத் தனியே வையுங்கள். பி.ஏ.எல்.லுக்கு வி.டி.எம். தேவையில்லை, தூய்மையான மூடியிட்ட குப்பி போதும். வந்தவுடன் ஒரு துளியை ஸ்லைடில் பாருங்கள். மேக்ரோஃபேஜ் அணுக்கள் நிறைய இருந்தால் காற்றுப்பையிலிருந்து வந்திருக்கிறது. வாயின் தட்டையான செதிள் அணுக்கள் நிறைந்திருந்தால் உமிழ்நீர் கலந்திருக்கிறது. அதில் வரும் ஹெர்பிஸ் பாசிட்டிவுக்கு அர்த்தம் குறைவு. இந்த ஒரு நிமிட வேலையை எத்தனை அவசரத்திலும் விடாதீர்கள். பி.ஏ.எல்.லைத் திறப்பது இரண்டாம் வகுப்பு உயிரிப் பாதுகாப்பு கேபினெட்டுக்குள், என்95 முகக்கவசத்தோடுதான். வைரஸ் தேடி வந்த குப்பியில் காசநோய்க் கிருமியும் இருக்கலாம்.

கோரிக்கைத் தாளில் “நிமோனியா, வைரல் பேனல்” என்று மட்டும் எழுதி அனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். நோய் தொடங்கி எத்தனை நாள், என்ன மருந்துகள், நியூட்ரோஃபில் எண்ணிக்கை, ஒசெல்டமிவிர் அல்லது கான்சைக்ளோவிர் ஏற்கெனவே கொடுத்தார்களா, சமீபத்தில் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்களா, இவை தெரியாமல் எந்த ரிசல்ட்டையும் சரியாகப் படிக்க முடியாது. தாளில் இல்லையென்றால் வார்டுக்கு ஃபோன் செய்து கேளுங்கள்.

பி.சி.ஆர்.

இன்று இந்தத் துறையின் முதுகெலும்பு ரியல் டைம் பி.சி.ஆர்.தான். ஆர்.என்.ஏ. வைரஸ் என்றால் முதலில் அதை டி.என்.ஏ.வாக மாற்றி, பிறகு சூடும் குளிர்ச்சியுமாகச் சுழற்சிகளை ஓட்டுகிறது இயந்திரம். ஒவ்வொரு சுழற்சியிலும் இலக்குத் துண்டு இரட்டிக்கிறது. அதோடு ஒட்டும் புரோப் ஒளி வீசுகிறது. ஒளி எந்தச் சுழற்சியில் வரம்பைத் தாண்டுகிறதோ அதுதான் சி.டி. மதிப்பு. எண் குறைந்தால் வைரஸ் அதிகம். ஏறக்குறைய 3.3 சுழற்சி வித்தியாசம் பத்து மடங்கைக் குறிக்கும்.

திரையில் எண்ணைப் பார்க்கும் முன் கோட்டைப் பாருங்கள். உண்மையான பாசிட்டிவ், தரையோடு நீண்ட நேரம் படுத்திருந்து, சட்டென்று எழுந்து, மேலே போய்ச் சமதளமாகும். எழுத்து ‘எஸ்’-ஐச் சாய்த்து நீட்டியதுபோன்ற வடிவம். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவாக ஏறிக்கொண்டே போகும் கோடும் 36, 37-இல் வரம்பைத் தொட்டு ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். மென்பொருள் அதைப் பாசிட்டிவ் என்று எழுதும். நீங்கள் எழுதக் கூடாது. ஆர்.என்.ஏ.வை மறுபடி பிரித்தெடுத்து ஓட்டுங்கள்.

நெகட்டிவ் என்று எழுதும் முன் பார்க்க வேண்டியது மனித மரபணுக் கட்டுப்பாடு, வழக்கமாக ஆர்.நேஸ் பி. நோயாளியின் அணுக்கள் மாதிரியில் இருந்தால் அது எழும். அதுவே எழவில்லையென்றால் ஸ்வாப் சரியாக எடுக்கப்படவில்லை, அல்லது பி.சி.ஆரைத் தடுக்கும் ஏதோ ஒன்று கலந்திருக்கிறது. ரத்தம் கலந்த பி.ஏ.எல்.லில் இது நடக்கும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் சில சமயம் எழும். அப்போதும் எழாவிட்டால் “செல்லாத மாதிரி, மறுபடி அனுப்புக” என்று எழுத வேண்டும். அதை நெகட்டிவ் என்று எழுதினால் ஒரு நோயாளிக்கு மருந்து மறுக்கப்படும். மறுபக்கம், மாதிரியே சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயில் வைரஸ் எழுந்தால் அந்த ஓட்டம் முழுவதையும் தூக்கிப் போட வேண்டும். மாஸ்டர் மிக்ஸ் கலக்கும் அறை, மாதிரி சேர்க்கும் அறை, இயந்திரம் இருக்கும் அறை மூன்றும் தனித்தனி. போக்கு ஒரு திசையில்தான். கடைசி அறையில் போட்ட கோட்டோடு முதல் அறைக்குத் திரும்பி வரக் கூடாது.

ஒரே மாதிரியில் இருபதுக்கு மேற்பட்ட கிருமிகளை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தேடும் பேனல்கள் இப்போது பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன. பயோஃபயர் அவற்றில் பெயர் பெற்றது. விலை அதிகம். ஆனால் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஐ.சி.யு.வில் இருக்கும்போது அந்தச் செலவு நியாயமானது என்பது என் கருத்து. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் பலவற்றை அது நிறுத்தவைக்கும். ஆனால் வழக்கமான சுவாசப் பேனல்களில் சி.எம்.வி. இல்லை, ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இல்லை, சின்னம்மை வைரஸ் இல்லை, தட்டம்மையும் இல்லை. “பேனல் முழுக்க நெகட்டிவ், ஆகவே வைரஸ் இல்லை” என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. இந்த நோயாளிகளைக் கொல்லக்கூடிய நான்கு வைரஸ்கள் அந்தப் பேனலின் கண்ணிலேயே படாதவை. பேனல் ரிப்போர்ட்டின் அடியில் “இச்சோதனையில் சி.எம்.வி., ஹெர்பிஸ், சின்னம்மை, தட்டம்மை தேடப்படவில்லை” என்று ஒரு வரி அச்சடித்து வைத்துவிடுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் கோடு காட்டும் ஆன்டிஜன் கார்டுகளுக்கு இங்கே இடம் சிறியது. இன்ஃப்ளூயன்ஸா கார்டில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம், உடனே மருந்து தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் பொருள். பெரியவர்களில் அது பாதியளவு நோயாளிகளைக்கூடத் தவறவிடலாம். கார்டு நெகட்டிவ் என்பதால் ஒசெல்டமிவிரை நிறுத்தக் கூடாது.

சி.எம்.வி.

இதற்குத் தனிப் பகுதி வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆய்வகமும் வார்டும் அதிகம் குழம்புகின்றன. நம் நாட்டில் வயது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே சி.எம்.வி. வந்து போயிருக்கும். அது உடலை விட்டுப் போவதில்லை. ஆகவே ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பது நோயைச் சொல்லாது. அந்தச் சோதனைக்கு உரிய நேரம், உறுப்பு மாற்றுக்கு முன்பு, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் செய்வது. கொடுப்பவர் பாசிட்டிவ், பெறுபவர் நெகட்டிவ் என்றால் சிறுநீரகம் மாற்றும் இடத்தில் அபாயம் மிக அதிகம். அறுவைக்குப் பிறகு ரத்தம் ஏற்றிய நிலையில் செய்தால் அந்த விவரத்தைத் திரும்பப் பெற முடியாது.

நோய் வந்தபின் உதவுவது அளவு சொல்லும் பி.சி.ஆர்., அதாவது வைரல் லோடு. ரத்தத்தை ஈ.டி.டி.ஏ. குழாயில், ஊதா மூடியில் எடுங்கள். ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும், பச்சை மூடிக் குழாய் வேண்டாம். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் சி.எம்.வி.க்குச் சர்வதேசத் தரத்தை வெளியிட்ட பிறகு முடிவுகளை சர்வதேச அலகில் எழுதுகிறோம். அப்போதும் ஒரு ஆய்வகத்தின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒன்றாகாது. பிளாஸ்மாவில் செய்ததும் முழு ரத்தத்தில் செய்ததும் ஒன்றாகாது. ஒரு நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி. எண் மூன்று மடங்குக்குக் குறைவாக ஏறி இறங்கினால் அது சோதனையின் இயல்பான அலைவாக இருக்கலாம். அதை வைத்து மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள்.

ரத்தத்தில் லோடு குறைவாக இருந்தும் நுரையீரலில் சி.எம்.வி. நிமோனியா இருக்கலாம். எனவே பி.ஏ.எல்.லிலும் பார்க்க வேண்டும். அதில் பி.சி.ஆர். நெகட்டிவ் என்றால் சி.எம்.வி. நிமோனியா இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இந்தச் சோதனையின் பெரும் பலம் அதுதான். பாசிட்டிவ் என்றால் கதை வேறு. நோய் செய்யாமல் வெறுமனே கசிந்து வரும் வைரஸையும் பி.சி.ஆர். பிடித்துவிடும். ஸ்டெம் செல் மாற்றியவரிடம், ஸ்கேனும் ஒத்துப்போய், பி.ஏ.எல்.லில் அளவும் அதிகமாக இருந்தால் நிமோனியா என்றே சிகிச்சை தொடங்குவார்கள். ஹெச்.ஐ.வி. நோயாளியிடம் பி.ஏ.எல்.லில் சி.எம்.வி. அடிக்கடி தென்படும், ஆனால் நுரையீரல் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் வேறாகவே இருக்கும். அங்கே முதலில் நிமோசிஸ்டிஸையும் காசநோயையும் தேடி முடியுங்கள்.

உறுதியான சாட்சி திசுவில்தான் இருக்கிறது. மற்ற அணுக்களைவிட இரண்டு மூன்று மடங்கு வீங்கிய ஓர் அணு, அதன் உட்கருவில் அடர்ந்த திரட்சி, திரட்சியைச் சுற்றி வெளுத்த வளையம். ஆந்தையின் கண் என்று நோய்க்குறியியல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பி.ஏ.எல். ஸ்லைடிலும் சில சமயம் தென்படும். கண்டால் ஐயமில்லை, காணாவிட்டால் எதுவும் முடிவாகாது. ஐயமுள்ள அணுவுக்கு இம்யூனோ சாயம் போடச் சொல்லுங்கள். பயாப்சி எடுக்கும் நிலையில் பல நோயாளிகள் இருப்பதில்லை என்பதால் இந்தச் சாட்சி எல்லாருக்கும் கிடைக்காது.

பழைய முறையான பி.பி.65 ஆன்டிஜன் சோதனை நியூட்ரோஃபில் அணுக்களுக்குள் வைரஸ் புரதத்தைத் தேடுவது. கீமோவுக்குப் பிறகு நியூட்ரோஃபிலே இல்லாதவரிடம் தேட இடமே இருக்காது, பொய்யாக நெகட்டிவ் வரும். ரத்தம் எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கவும் வேண்டும். பி.சி.ஆர். வசதி இருக்கும் ஊரில் இனி இது தேவையில்லை.

கல்ச்சரும் ஆன்டிபாடியும்

செல் கல்ச்சர் ஒரு காலத்தில் இத்துறையின் அளவுகோல். சாதாரண முறையில் சி.எம்.வி. வளர வாரக்கணக்கில் ஆகும். சுழலவிட்டு வளர்க்கும் ஷெல் வயல் முறையில் ஒன்றிரண்டு நாள். இப்போது வைரஸ் உயிரோடு இருக்கிறதா, மருந்துக்கு அடங்குகிறதா என்ற கேள்விகளுக்கு மட்டுமே பெரிய ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன.

ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. சோதனைகளை இந்த நோயாளிகளின் நிமோனியாவுக்கு அனுப்பவே வேண்டாம் என்பேன். ஆன்டிபாடி செய்ய முடியாத உடலில் அது இல்லாதது எதையும் காட்டாது. இம்யூனோகுளோபுலின் ஏற்றியவரிடம் தெரியும் ஆன்டிபாடி, ரத்தம் கொடுத்த யாரோ பலருடையது. லுகேமியாக் குழந்தைக்குத் தட்டம்மை என்று சந்தேகம் வந்தால்கூட ஐ.ஜி.எம். நெகட்டிவை நம்பாமல் தொண்டை ஸ்வாபிலும் சிறுநீரிலும் பி.சி.ஆர். கேளுங்கள்.

பாசிட்டிவ் வந்தபின்

ரைனோ வைரஸ் பாசிட்டிவ். நோயாளிக்குச் சளி பிடித்து ஆறு வாரம் ஆகிறது, இப்போது புதிதாக நுரையீரல் மங்கல். காரணம் ரைனோவா? எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் சுவாச வைரஸ்களை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். மூக்கிலிருந்து வந்த உயர்ந்த சி.டி. மதிப்பு பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு மாதிரி கேளுங்கள். சி.டி. குறைந்துகொண்டே வந்தால் வைரஸ் ஏறுகிறது, கூடிக்கொண்டே போனால் இறங்குகிறது. ஒரே மாதிரியின் எண்ணைவிட இந்தப் போக்கு அதிகம் சொல்லும். ஆனால் இரண்டு மாதிரியும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கிட்டில் ஓட்டியிருக்க வேண்டும்.

ஒசெல்டமிவிர் கொடுத்தும் இன்ஃப்ளூயன்ஸா அளவு இறங்கவில்லை என்றால் மருந்துக்கு அடங்காத வைரஸ் தோன்றியிருக்கலாம். எச்1என்1-இல் நியூராமினிடேஸின் 275-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வரும் மாற்றம் இதற்குப் பேர்போனது. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அது தோன்றும். சி.எம்.வி.யில் கான்சைக்ளோவிர் கொடுத்து இரண்டு வாரத்துக்கு மேலாகியும் லோடு இறங்காவிட்டால் யு.எல்.97, யு.எல்.54 மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லா ஊரிலும் இல்லை. வைரஸ் ஆய்வக வலையமைப்பில் ஜிப்மர் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. அதைக் கடந்து தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி., கிண்டி கிங் நிலையம், புனே தேசிய வைராலஜி நிறுவனம் ஆகியவற்றை முதலில் ஃபோனில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் மூன்றடுக்குப் பொட்டலமாக உலர் ஐஸில் அனுப்புங்கள். அப்படி அனுப்ப மாதிரி இருக்க வேண்டுமே! அதனால்தான் எதிர்ப்பாற்றல் குன்றியவரின் பி.ஏ.எல். எதுவானாலும், ரிப்போர்ட் எழுதி முடித்தபின் மிச்சத்தைச் சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 70-இல் வைக்கச் சொல்கிறேன். அந்த நீரை இன்னொரு முறை கேட்டு வாங்க அந்த நுரையீரல் இடம் கொடுக்காமல் போகலாம்.

பாசிட்டிவ் எதுவானாலும் கணினியில் ஏற்றிவிட்டுப் போகாமல் வார்டுக்கு ஃபோன் செய்யுங்கள். கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். ஆர்.எஸ்.வி.யோ இன்ஃப்ளூயன்ஸாவோ உறுதியானால் அந்த நோயாளியை அன்று மாலைக்குள் தனியறைக்கு மாற்ற வேண்டும், கூடவே தங்கியிருக்கும் உறவினருக்கும் இருமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பேசியவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஃபோனை யாரும் எடுக்கவில்லையென்றால் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே வார்டுக்குப் போய் டியூட்டி டாக்டரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.